பிறகு திருத்திக்கொள்ளலாம்

நவம்பர் என்ற ஒரே மாதத்துக்குள் 50,000 சொற்களில் ஒரு நாவலை எழுதி முடிக்கச் சொன்ன அமெரிக்க அமைப்பான நானோரைமோ 2025 மார்ச்சில் கடையைக் கட்டியது. அதையொட்டி வந்த இரங்கற் குறிப்புகளில் ஒரு புகழ்ச்சி ஓயாமல் கேட்டது: உள்ளே உட்கார்ந்திருக்கும் விமர்சகனை வாயடைக்க அது கற்றுக்கொடுத்ததாம். முதலில் கொட்டு, பிறகு திருத்து. நம்மூர் எழுத்துப் பட்டறைகளிலும் இப்போது இதுதான் பாலபாடம்.

இதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுதும் பயிற்சியை 1973இல் தன் நூலில் பரிந்துரைத்த பீட்டர் எல்போ, மேற்படிப்புக் காலத்தில் எழுத வராமல் தவித்தவர். வெற்றுத்தாளைக் கண்டால் உறைந்துபோகிறவர்களின் வலி அவருக்குத் தெரியும். சுயவிமர்சனம் முற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். கோகோல் 1852இல் 'இறந்த ஆன்மாக்கள்' இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டார். மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நின்றுகொண்டார் (அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை). பயந்த கைக்கு இந்தப் பயிற்சி உதவும். ஆனால் பயிற்சியையே எழுதும் முறையாக ஆக்கிவிட்டார்கள். கோளாறு அங்கே தொடங்குகிறது.

எழுதுபவன் ஒருவன், மதிப்பிடுபவன் வேறொருவன், இருவரையும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரவிடாதே என்பது இந்த முறையின் அடித்தளம். யோசனை புதிதல்ல. எண்ணங்கள் வாசலுக்கு வரும்போதே அறிவு அவற்றைச் சோதனை போடுவது படைப்புக்குக் கேடு, காவல் விலகி நிற்கட்டும் என்று 1788இல் ஷில்லர் தன் நண்பர் கோர்னருக்குக் கடிதம் எழுதினார். பிராய்டு தன் கனவு நூலில் அதை எடுத்தாண்டார். காவல் விலகினால் ஆழ்மனம் உள்ளே வரும் என்பது நம்பிக்கை. நான் வாசித்த கையெழுத்துப் பிரதிகளில் முதலில் உள்ளே வருவது தேய்வழக்குதான். வாசலுக்கு மிக அருகில் காத்துக்கிடப்பது அது. வாரப் பத்திரிகைத் தொடர்கள், சினிமா வசனம், முகநூல் நெகிழ்ச்சி எல்லாம் ஏற்கெனவே மனத்தில் வாக்கியங்களாகவே படிந்திருக்கின்றன. வேகமாக ஓடும் கை அவற்றைத்தான் எடுக்கும்.

அண்ணன் சாவுக்கு ஊருக்கு வரும் ஒரு பெண்ணின் கதை என்று வைத்துக்கொள்வோம். பேருந்தைவிட்டு இறங்கியதும் அவள் கண்கள் குளமாகின்றன. நிறுத்தாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது விதி. கண்கள் குளமாகிவிட்டதால் அண்ணன் பாசக்காரனாக இருந்தே ஆகவேண்டும். பாசத்துக்குச் சாட்சியாக ஒரு பால்ய நினைவு, அதில் ஒரு மாமரம். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கதறுவாள். ஐந்தாம் பக்கத்தில் கதைக்கு வேறு போக்கிடமில்லை. இப்போது எழுத்தாளர் திருத்த உட்காருகிறார். 'குளமாகின'வை அடித்துவிட்டு 'கசிந்தன' என்று போடுவார். மாமரத்தைப் புளியமரமாக்குவார். அதற்குமேல் அவரால் முடியாது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அண்ணனும் அண்ணியும் பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

அந்த முதல் வாக்கியத்திலேயே கை நின்று, இவள் அழக்கூடியவளா என்று கேட்டிருந்தால்? திரும்பிப்போகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அவள் டீக்கடையில் விசாரித்திருக்கலாம். அந்த விசாரிப்பிலிருந்து வருகிற அண்ணன் வேறு ஆள். அவனுக்கும் இவளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை எழுதுபவரே இனிமேல்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது யார்? வாயை மூடு என்று வெளியே நிறுத்தப்பட்ட அதே விமர்சகன்தான்.

புதுமைப்பித்தன் ஒரே மூச்சில் எழுதவில்லையா என்பார்கள். எழுதியிருக்கட்டும். பத்திரிகை அலுவலகத்தில் அன்றாடம் பிறர் எழுத்தைத் திருத்தியவர், உலகக் கதைகளை மொழிபெயர்த்தவர், மதிப்புரைகளில் யாருக்கும் இரக்கம் காட்டாதவர் அவர். அவருடைய விமர்சகன் விரல் நுனியிலேயே இருந்தான். ஜாக் கெரோவாக்கையும் இழுப்பார்கள். 1951 ஏப்ரலில் மூன்று வாரத்தில் 120 அடிக் காகிதச் சுருளில் 'ஆன் தி ரோட்' நாவலைத் தட்டச்சு செய்தாராம். அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் குறிப்பேடுகள் இருந்தன, 1957இல் அச்சாகும்வரை திருத்தங்களும் இருந்தன. நானோரைமோவின் பெருமையாகக் காட்டப்படும் எரின் மார்கன்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' நாவலின் கதை இன்னும் வேடிக்கை. நாயகி சீலியாவே பிந்திய திருத்தங்களில்தான் உள்ளே வந்தாள்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவதை முற்றாகக் கண்டிக்க 2024இல் இதே அமைப்பு மறுத்தபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. நாளொன்றுக்கு 1,667 சொற்கள் என்று எண்ணிப் பழகியவர்கள் எந்த நியாயத்தைச் சொல்லி இயந்திரத்தைத் தடுப்பார்கள்?

தமிழில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 'பிறகு' என்றால் முகவர் நிராகரிப்பார், பதிப்பாசிரியர் குடைவார், நாயகி இல்லை என்று யாராவது சொல்வார்கள். எல்போவும் எழுதியதை வாரந்தோறும் வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்கும் குழுவைத் தன் முறையின் பாதியாகவே வைத்திருந்தார். நாம் முதல் பாதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். க்ரியா ராமகிருஷ்ணனைப் போல வரிவரியாக உட்கார்ந்து எழுத்தாளரோடு மல்லுக்கட்டிய பதிப்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்ற பல இடங்களில் ப்ரூஃப் பார்ப்பதோடு வேலை முடிகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் அட்டை, அச்சு, வெளியீட்டு விழா. ஐம்பது பிரதி போட்டாலும் போதும் என்ற வசதி வந்தபின் காத்திருக்கவும் காரணமில்லை. முதல் வரைவே நூலாகிறது.

பிறகு திருத்தலாம் என்று பட்டறையில் சொல்கிறவர்கள், எந்த மாதத்தில், யாரை உடன் வைத்துக்கொண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நான் பார்த்த எந்தப் பட்டறை அறிவிப்பிலும் இரண்டாம் வரைவுக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கப்பட்டதில்லை.