புழுவின் மூளைக்குள் ஒரு விழித்திரைச் செல்

ஒளியை வாங்கும் செல் தன் சவ்வைப் பெருக்கிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. நம் விழித்திரையின் கூம்புச் செல்லில் ஒரு குற்றிழை மடிப்பு மடிப்பாக விரிகிறது. பூச்சிகளின் கண்களிலும் பெரும்பாலான கடற்புழுக்களின் கண்களிலும் நுண்விரல்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய இந்த வேறுபாட்டைக் கொண்டு, 1960களில் விலங்கியலாளர் ரிச்சர்ட் ஈக்கின் விலங்குகளை இரு பெரும் மரபுகளாகப் பிரித்தார். உயிரியலாளர்கள் சால்வினி-பிளாவனும் எர்ன்ஸ்ட் மாயரும் 1977இல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: கண் குறைந்தது 40 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

ஈக்கினின் பிரிவினையை உடைத்தது பிளாட்டினெரிஸ் டூமெரிலி என்ற சிறு கடற்புழு. அதன் கண்களில் இருப்பவை எதிர்பார்த்தபடி நுண்விரல்களே. ஆனால் மூளைக்குள், நிறமித் திரை எதுவும் இல்லாமல், கிளைத்த குற்றிழைகளோடு வேறு செல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஆப்சின் என்ற ஒளியுணர் புரதம் அந்தப் புழுவின் கண் ஆப்சினைவிட நம்முடையதற்கு நெருங்கிய உறவு என்று டெட்லெவ் ஆரென்ட் குழு 2004இல் காட்டியது. இரண்டு வகைச் செல்லும் புழுவுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்தன என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதம் வலுவானது என்பதே என் மதிப்பீடு. வடிவம் மட்டும் ஒத்திருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். ஆப்சினும், நம் விழித்திரை வளர்ச்சியில் பங்குள்ள ஆர்எக்ஸ் மரபணுவும் சேர்ந்தே ஒத்துப்போகும்போது அப்படித் தள்ள முடியாது. நம் விழித்திரையின் சில நரம்புச் செல்களில் உள்ள மெலனாப்சின் புழுவின் கண் ஆப்சினுக்கு உறவு என்பதும் இதே பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் செல்லின் வம்சாவளி வேறு, கண்ணின் வம்சாவளி வேறு. புழுவின் மூளைச் செல் படம் எதையும் பார்ப்பதில்லை. அது சுமார் 383 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உணர்ந்து, குடம்பியைக் கீழ்நோக்கி நீந்த வைக்கிறது. அதே குடம்பியின் கண்புள்ளியோ ஒரு ஒளியுணர் செல்லும் ஒரு நிறமிச் செல்லும் மட்டுமே. அதன் நரம்பு, நீந்த உதவும் குற்றிழைப் பட்டையை நேரடியாகத் தொடுகிறது. இப்படிப்பட்ட மூளைச் செல் நம் மரபில் விழித்திரைக்குள் எப்படிச் சேர்ந்தது என்பதை ஒரு புழுவின் மூளை சொல்லாது.

செல்லின் வம்சாவளியும் கண்ணின் வம்சாவளியும் வேறு என்பதை விசிறிப்புழுக்களின் உணர்கொம்புக் கண்கள் இன்னும் தெளிவாக்குகின்றன. அவை குற்றிழைச் செல்களால் ஆனவை. நிழல் விழுந்ததும் புழுவைக் குழாய்க்குள் இழுக்கும் எச்சரிக்கைக் கருவிகள். தலைக் கண்களுக்குத் தொடர்பற்ற இடத்தில், விசிறிப்புழுக்களின் மரபுக்குள்ளேயே புதிதாக எழுந்தவை. ஆகவே செல் விஷயத்தில் ஆரென்ட் வென்றார். கண் என்ற உறுப்பின் எண்ணிக்கையில் மாயர் தரப்பு இன்னும் தோற்கவில்லை.