செயற்கை நுண்ணறிவும் தமிழ்ப்பள்ளியும்: ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய்வு செய்வோர், அதில் சொல்லப்பட்டவற்றை மட்டுமன்றிச் சொல்லாமல் விடப்பட்டவற்றையும் நோக்குவர். அரசு வகுக்கும் கல்வித் திட்டமும் ஒருவகையில் நூலே. அதற்கும் முன்னுரை உண்டு, இயல்கள் உண்டு, யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்னும் கேள்வியும் உண்டு. செயற்கை நுண்ணறிவைக் கல்வியில் புகுத்த நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள திட்டங்களைத் தமிழ்ப்பள்ளியின் பக்கம் நின்று படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் திட்டங்களைக் காண்போம். 2021 முதல் 2025 வரையிலான காலத்திற்குத் தேசியச் செயற்கை நுண்ணறிவு வழிகாட்டித் திட்டம் ஒன்றை அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு வகுத்தது. 2023இல் கல்வி அமைச்சு மின்னிலக்கக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. மாணவர், ஆசிரியர், தலைமைத்துவம், உள்கட்டமைப்பு, பாடப்பொருள், பங்காளிகள் என ஆறு கூறுகளை அக்கொள்கை பேசுகிறது. 2024 ஜனவரியில் ‘மக்களுக்கான செயற்கை நுண்ணறிவு’ என்னும் இணையவழி அறிமுகப் பாடம் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனத் தனிப்புலம் கண்டது. டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தோற்றம் பெற்றது.

குறையைக் கூறுமுன் நிறையைச் சொல்லிவிடுதல் முறை. அந்த அறிமுகப் பாடம் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அளிக்கப்பட்டது. இதனை நாம் நன்றியோடு பாராட்டுதல் வேண்டும். எனினும், எந்திரத்தைப் பற்றித் தமிழில் எடுத்துச் சொல்வது வேறு. எந்திரம் சொல்லும் தமிழ் சரிதானா என்று பார்ப்பது வேறு. முன்னதற்கு மொழிபெயர்ப்பாளர் போதும். பின்னதற்குத் தமிழாசிரியர் வேண்டும். நம் திட்டங்கள் முன்னதோடு நின்றுவிடுகின்றன என்பதே எமது கருத்து.

இக்கருத்துக்குக் கடந்த காலமே சான்று பகரும். பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு பகுதியாக விவேகப் பள்ளிகள் 1999 முதல் 2002 வரை சோதனை முறையில் நடத்தப்பட்டன. 90க்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையிலான பள்ளிகள் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. கணினிவழிப் பாடப்பொருள் உருவாக்கப்பட்ட பாடங்கள் நான்கு: மலாய்மொழி, ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழ் அந்த நான்கனுள் இல்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வந்து சேர்ந்தன. அக்கொள்கை கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011இன் இறுதியில், ஏறத்தாழப் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கும் ‘1பெஸ்தாரிநெட்’ திட்டம் தொடங்கியது. அத்தளத்தை மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் நாள்தோறும் பயன்படுத்திய அளவு ஐந்து விழுக்காட்டையும் எட்டவில்லை என்று தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுற்றது. 2020இல் ‘டெலிமா’ என்னும் புதிய தளம் வந்தது.

இம்முயற்சிகள் யாவும் வீண் என்று கூறுவது நேர்மையாகாது. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, முன்னர்ப் பெற்ற பழக்கம் ஓரளவேனும் கைகொடுத்தது. ஆயினும் இவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. எத்தனை கருவிகள், எத்தனை இணைப்புகள், எத்தனை கணக்குகள் என்று எண்ணப்பட்டன. வகுப்பறையில், இன்ன மொழியில், இன்ன பாடம் எவ்வளவு நன்றாக நடந்தது என்பது எண்ணப்படவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பழைய கருவிகளால் நேர்ந்த தீங்கு சிறிது. ஒளிபடக் கருவி அலமாரியில் தூங்கினால் பணம்தான் வீண். பிள்ளையின் மொழிக்குக் கேடில்லை. இப்போது வந்துள்ள கருவியோ பேசுகிறது, எழுதுகிறது, கேட்டவுடன் பயிற்சித்தாளும் கட்டுரையும் ஆக்கித் தருகிறது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே அது எழுதுகிறது. அது படித்த பக்கங்களுள் ஆங்கிலமே மிகுதி. தமிழ்ப்பக்கங்கள் மிகச் சிறுபகுதி. அச்சிறுபகுதியிலும் மலேசியத் தமிழரின் எழுத்து சிறுதுளி. ஆகவே அது அறியாத இடத்தில் தடுமாறுகிறது. ஆனால் தடுமாறுவது அதன் நடையில் தெரிவதில்லை. தவற்றையும் சரியானதையும் ஒரே மிடுக்கோடு சொல்வதே இக்கருவியின் இயல்பு.

பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர், நான்காம் ஆண்டு மாணவர்க்கு வலிமிகா இடங்களைக் கற்பிப்பதற்காக ஒரு பயிற்சித்தாளை எம்மிடம் காட்டினார். அழகிய தாள், படங்களும் இருந்தன. விடைப்பகுதியில் ‘படித்தப் பாடம்’, ‘வந்தப் பையன்’ என்பன சரியான விடைகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது என்பதைத்தான் அன்று அவர் கற்பிக்க வேண்டும்! கணக்குகளில் ரிங்கிட்டுக்கு மாறாக ரூபாய் வந்தது. ‘நான்காம் ஆண்டு’ என்பது ‘நான்காம் வகுப்பு’ ஆகியிருந்தது. ஈற்றில் ஒரு ‘பழமொழி’யும் இருந்தது. அதனை எம் பாட்டியும் சொன்னதில்லை. எந்தத் தொகுப்பிலும் யாம் கண்டதில்லை. “கணினிதான் ஐயா தந்தது, தவறாக இருக்கும் என்று நினைக்கவில்லை” என்றார் அவர். அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. சரிபார்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குப் பயிற்றுவித்தவர் யார்? அந்த ஆசிரியைக்குப் பயிற்சியளித்தவருள் யாமும் ஒருவரன்றோ?

இங்கே தமிழ்ப்பள்ளிக்கே உரிய ஒரு நிலையை மனங்கொள்ளல் வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப்பள்ளிகள். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளே அங்குப் பயில்கின்றனர். ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு குறித்து 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, இக்கருவிகளோடு பிள்ளைகள் தாமாக உரையாடுவதற்குப் பதின்மூன்று வயதைக் கீழெல்லையாகப் பரிந்துரைக்கிறது. அவ்வாறாயின், தமிழ்ப்பள்ளியில் பயிலும் ஒரு பிள்ளைகூட அவ்வெல்லையைத் தாண்டவில்லை. எனவே தமிழ்ப்பள்ளியைப் பொறுத்தவரை இது மாணவர் கருவியைப் பயன்படுத்தும் சிக்கலன்று. ஆசிரியர் பயன்படுத்தும் சிக்கலாகும். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னர், பிள்ளையை அளந்தறியும் பொறுப்பு பெரிதும் வகுப்பாசிரியரிடமே வந்துள்ளது. அவருடைய கண் தவறினால், தவற்றைத் திருத்த வெளியார் எவரும் இலர்.

‘அப்படியானால் கருவியே வேண்டாமே’ என்பாரும் உளர். அதனை யாம் ஏற்கவில்லை. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை 150 பேருக்குக் குறைவான மாணவரைக் கொண்டவை. பிரிக்பீல்ட்ஸில் வளரும் பிள்ளைக்குத் தெருமுனையிலேயே துணைப்பாட வகுப்பு உண்டு. கிள்ளானின் பெரிய பள்ளிகளில் ஒரு பாடத்திற்குப் பல ஆசிரியர் கூடிப் பேசலாம். தோட்டப்புறச் சிறுபள்ளியிலோ ஓர் ஆசிரியரே பல பாடங்களையும் சுமக்கிறார். அவருக்கு நல்லதொரு துணைக்கருவி கிடைத்தால் அது பேருதவி. ஆனால் உடனிருந்து தவற்றைச் சுட்டிக்காட்டும் சகஆசிரியர் இல்லாதவரும் அவரே. உதவி மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் ஆபத்தும் மிகுதி.

பிற இடங்களில் என்ன செய்தனர்? கேரளம் 2024இல் 80,000 ஆசிரியர்க்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது; அங்கே ஆசிரியருக்கு முதலிடம் கிடைத்தது. சிங்கப்பூர், தென்கிழக்காசிய மொழிகளுக்கென உருவாக்கிய ‘சீ-லயன்’ மொழிமாதிரியில் தமிழையும் ஒன்றாகச் சேர்த்தது. நாமும் இத்துறைக்குப் புதியவர் அல்லர். முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ செயலியை உருவாக்கியது இம்மண்ணில்தான். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கூடியதும் கோலாலம்பூரில்தான். கணினியில் தமிழ் எழுத்தை ஏற்றிய மரபினர், கணினி எழுதும் தமிழைத் திருத்துவதற்குத் தயங்கலாமா?

ஆகவே திட்டமிடுவோர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, தமிழ்ப்பள்ளிக்கென ஏற்கப்படும் எந்தக் கருவியும், வகுப்பறைக்குள் வருமுன் தமிழாசிரியர் குழு ஒன்றினால் நம் கலைத்திட்டத்தின்படி சோதிக்கப்படல் வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் பயிற்சியில், கருவியை இயக்கும் பாடத்தோடு கருவியின் தமிழைத் திருத்தும் பாடமும் இடம்பெறல் வேண்டும். ‘படித்தப் பாடம்’ என்பதைக் கண்டவுடன் சிவப்பு மை தேடும் கையே முதல் தகுதி. மூன்றாவது, 2027ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்ட புதிய கலைத்திட்டத்திற்குரிய பாடப்பொருள் தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். பிறமொழியில் எழுதியதை எந்திரத்திடம் கொடுத்து மாற்றுதல் போதாது.

அரசை மட்டும் கேட்டு நாம் கைகட்டி நிற்றலும் முறையன்று. எந்திரம் நம் தமிழை அறியாததற்கு நாமும் காரணர். நம் எழுத்தாளரின் சிறுகதைகள், தோட்டப்புற நாவல்கள், பள்ளி மலர்கள் ஆகியவற்றுள் பல இன்னும் கணினியில் ஏறாமல் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. எழுதியவரின் இசைவோடும் உரிமையோடும் அவற்றைத் தொகுத்துப் பாதுகாத்தல் எழுத்தாளர் சங்கங்களின் கடமை. அவ்வாறு செய்யாதவரை, நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நம் ஊரைக் கண்டிராத எந்திரமே விடை சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த இளம் ஆசிரியை மறுநாள் தாளைத் திருத்திக் கொண்டு வந்தார். ரூபாய் ரிங்கிட் ஆகியிருந்தது. ஒற்றுப்பிழைகளைப் பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யப்போவதாகச் சொன்னார். அன்று வகுப்பில் பிள்ளைகள் கணினியின் தவறுகளைக் கண்டு கைதட்டினர். ஏன் தவறு என்பதையும் விதியோடு சொன்னார்கள். அந்த அறிவை அவர்களுக்கு ஊட்டியவர் ஆசிரியரே. திட்டங்கள் எத்தனை வந்தாலும் அவ்வாசிரியரை உருவாக்கும் பணிக்கு முதலிடம் தருமாறு கேட்பதே தமிழ்ப்பள்ளியின் நலம் விரும்புவோர் அனைவரின் கடமையாகும்.