நிழல்வலைக் குடில்

வீட்டுத் தோட்டத்துக்கு முதல் பசுமைக்குடில் என்றதும் பலருக்கும் பாலித்தீன் போர்த்திய கூடாரமே நினைவுக்கு வருகிறது. ஊட்டிக் குளிருக்கு அது பொருத்தம். உள்ளே இறங்கிய வெயிலின் சூட்டை வெளியேற விடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. மதுரையிலும் வேலூரிலும் செடிக்குச் சூடு குறைவில்லையே! சித்திரை வெயிலில், அடைத்த கூடாரத்துக்குள் நாற்று வெந்துபோகும். சமவெளிக்கு ஏற்றது 50 சதவீத நிழல்வலைதான். பாதி வெளிச்சம் வடிந்து இறங்குகிறது, காற்றும் தாராளமாக உள்ளே வந்து போகிறது. நண்பகலிலும் கொத்தமல்லித் தழை துவளாமல் நிற்பதைக் குனிந்து பார்த்தால், இந்த எளிய பின்னலின் மேல் மதிப்பு கூடும்.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் முழு வெயில் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், அவை நாற்றுப் பருவத்தில் மட்டும் வலைக்குள் இருந்தால் போதும், நாலைந்து வாரத்தில் வெளியே நடலாம். ஐப்பசி மழையை வலை தடுக்காது என்பதும் நியாயமான குறை. குழித்தட்டுகளுக்கு மேல் மட்டும் பாலித்தீன் தாள் ஒன்றைச் சரிவாகக் கட்டினால் அது தீரும். இடத்தைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். கிழக்கு திறந்திருக்க வேண்டும். மேற்கே சுவரோ மரமோ பிற்பகல் வெயிலை மறித்தால் நல்லது. மொட்டைமாடி என்றால் ஜிஐ குழாய்க் கால்களை அழுத்தமாகப் பிணைத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்க்கும்படி வலையைக் கயிற்றால் கட்டுவது அவசியம்.