கோபுரக் கரையும் கட்டம் போட்ட சேலையும்

கரையில் யாளி இருந்தால் வலிமை, மயில் இருந்தால் வளம், மாங்காய் இருந்தால் மகப்பேறு என்று பட்டியல் போட்டுப் பொருள் சொல்வது நம் நெசவு ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. ஈரானியத் துணிகளைப் பற்றிய எழுத்தும் பெரும்பாலும் இப்படித்தான்: சைப்ரஸ் மரம் சாவின்மை, மாதுளை செழிப்பு. இந்தப் பட்டியல்கள் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு வடிவத்தின் பொருள், அதை நெய்த தறியிலும் அந்தத் துணி விரிக்கப்படும் சடங்கிலும் சேர்ந்தே பிறக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு உருவத்துக்கு மட்டும் பொருள் தேடுகிறவர் துணியைப் படிக்கவில்லை, படத்தைப் பார்க்கிறார்.

இதன் ஆபத்துக்கு நல்ல சாட்சி ஈரானின் அண்டை நாடான துருக்கியில் இருக்கிறது. 1989இல் வெளிவந்த ஒரு பெரிய நூலில், தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட், அனத்தோலியக் கிலிம் விரிப்புகளின் உருவங்கள் சாத்தல்ஹூயுக் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பின் தாய்த் தெய்வச் சுவரோவியங்களிலிருந்து வழிவழியாக வந்தவை என்றார். கேட்டவர்கள் மயங்கிப்போனார்கள். மார்லா மாலெட் என்ற ஆய்வாளர் தறியின் பக்கமிருந்து மறுத்தார். அடுத்தடுத்த நிறங்களுக்கு நடுவே பிளவு விட்டு நெய்யும் முறையில், பிளவு நீண்டுவிடாமல் இருக்க நெசவாளர் படிப்படியாக விலகிப் போக வேண்டும். அந்த வடிவங்கள் அதனாலேயே தாமாக அமைந்துவிடும் என்று காட்டினார். மெல்லார்ட் இறந்த பிறகு, 2018இல், அவர் வீட்டிலிருந்த காகிதங்கள், அந்தச் சுவரோவியங்கள் சிலவற்றை அவரே வரைந்ததைக் காட்டிக்கொடுத்தன. அந்தக் காகிதங்கள் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே தறி அவர் சொன்னதை மறுத்திருந்தது.

நம் ஊர்ச் சான்று காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை. அதில் உடலுக்கு ஒரு நிற ஊடை, இரு கரைகளுக்கும் வேறு நிற ஊடை. மூன்று நாடாக்கள் ஓடும், பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்காருவார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கும் இடம் ஒரே நேர்கோட்டில் இருந்தால் இழுவை முழுவதும் அந்தக் கோட்டில் விழும். பல்பல்லாக முன்னும் பின்னும் போனால் இழுவை பரவும். அந்தப் பற்கள்தான் நமக்குக் கோபுரமாகவும் தாழம்பூ மடலாகவும் தெரிகின்றன. அப்படியென்றால் கோபுரம் என்பது வெறும் தொழில்நுட்ப விளைவா, அதற்குச் சமயப் பொருளே இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தறி தந்தது ஒரு முக்கோணம். அதை மலையாகவோ ரம்பமாகவோ பார்க்காமல் கோயிலாகப் பார்த்து, அந்தக் கரையைத் திருமணத்துக்கு எடுத்தவர்கள் இந்த மக்கள். தறி வடிவத்தைத் தருகிறது, சமூகம் அதில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வே ஆய்வுக்குரிய பொருள்.

மாங்காயும் அப்படியே. 17ஆம் நூற்றாண்டில் பாரசீக, முகலாயத் துணிகளில் நிமிர்ந்து நின்ற பூஞ்செடி, அடுத்த நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளில் இறுகி, நுனி வளைந்து மாங்காய் ஆகி, பின்பு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் வரை போனது. அது வளைந்த சைப்ரஸா, தீச்சுடரா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் இதே வடிவம் உள்ள யஸ்த் நகரத்துத் தெர்மே துணி ஈரானியத் திருமண விரிப்பில் இடம்பெறுவதும், மாங்காய்க் கரை தமிழ்நாட்டு முகூர்த்தச் சேலையில் இடம்பெறுவதும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவை. மூலம் தெரியாமலேயே பொருள் உறுதியாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் உருவம் உள்ள துணியையே பேசிவிட்டோம். இந்தத் துறையின் பெரிய குறையும் அதுதான். பறவையும் பூவும் உள்ள துணிக்கு நூல்கள் குவிகின்றன, கட்டமும் கோடும் போட்ட பருத்திக்கு ஓர் அத்தியாயம்கூடக் கிடைப்பதில்லை. ஈரானிலும் அரசவைப் பட்டுக்கும் கம்பளத்துக்கும் கிடைத்த கவனம், மேய்ச்சல் குடிகளின் கோடு போட்ட ஜாஜிம் விரிப்புக்குக் கிடைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் தேவாங்கரும் சாலியரும் தலைமுறைகளாகப் பருத்தி நெய்தவர்கள். மானாவாரிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை; அதிலிருந்து மெல்லிய நூல் எடுப்பது கடினம். உழைக்கும் பெண் தினம் கட்டும் சேலைக்குச் செலவும் கூடக் கூடாது. சாயமிட்ட நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றி மாற்றி வைத்தால் கூடுதல் கருவி எதுவும் இல்லாமல் கட்டம் விழும். இதில் குறியீடு எங்கே என்பார்கள். எந்த நிறக் கட்டத்தை எந்த வயதுப் பெண் உடுத்தலாம், எது கூடாது என்ற கேள்வி, அன்னப்பட்சிக்கு எழுதப்படும் விளக்கங்களைவிட வாழ்க்கைக்கு நெருக்கமானது.

விசைத்தறியும் இதே உருவங்களை மலிவாகத் தருகிறதே, உடுத்துபவருக்கு என்ன வேறுபாடு என்று கேட்பவர் கோபுரக் கரையைத் திருப்பிப் பார்க்கட்டும். ஒரே ஊடை கரைவிட்டுக் கரை ஓடியிருந்தால் உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்திருக்கும். பற்கள் இருக்கும், அவை எதையும் பிடித்திருக்காது. மலிவு விலைச் சேலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றென ஆய்வு எழுதக் கூடாது. அருப்புக்கோட்டை இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். நூற்பிலிருந்து ஆயத்த ஆடை வரை ஓரிடத்தில் கொண்டுவரும் ஏழு பூங்காக்களில் ஒன்று அது. வேலை தரும் என்றால் இந்த வறண்ட பூமிக்கு அது மிக அவசியம். அதே சமயம், பக்கத்து ஊர்க் கைத்தறியின் அறிவைப் பதிவு செய்ய இதைவிடப் பொருத்தமான தருணம் வராது. 1937இல் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி நெசவுப் பிரிவைத் தொடங்கிப் பழைய பட்டுக் கரைகளை மீட்டதற்கு, அவற்றை நெய்யத் தெரிந்த கைகள் அப்போது இருந்ததும் ஒரு காரணம். அருப்புக்கோட்டையின் பதிவேட்டில் முதல் பக்கம் பறவை உருவங்களுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாவில் எந்த நிறம் எத்தனை இழை, அந்தச் சேலையை யார், எந்த நாளில் கட்டினார்கள் என்பதிலிருந்து அது தொடங்க வேண்டும்.