குதிரை அரங்கில் நடையும் தாளமும்

செவ்வியல் குதிரையேற்றம், இசை, ஆடல் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த நிகழ்கலை ஐரோப்பாவில் குதிரை அரங்கு என்னும் தனி வகையாக வளர்ந்துள்ளது. பிரான்சு நாட்டின் ஜிங்காரோ குழுவும் அதன் நிறுவனர் பார்த்தபாசும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை நாடகத்திற்கு இணையான மதிப்புக்கு உயர்த்தினர். இந்நிகழ்ச்சிகளைப் போற்றுவோர் 'குதிரை ஆடுகிறது' என்று கூறுவது வழக்கம். குதிரை உண்மையில் ஆடுகிறதா, ஆட்டுவிக்கப்படுகிறதா, அன்றி வேறொன்றைச் செய்கிறதா என்பதே இவ்வரங்கை மதிப்பிடுவதற்குரிய அடிப்படை வினாவாகும். இவ்வினாவைக் குதிரையின் நடைக்கும் இசையின் தாளத்திற்கும் உள்ள உறவின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நடை என்னும் அளவுகோல்

தமிழில் 'நடை' என்னும் சொல் உயிரினத்தின் செலவையும், தாளத்தின் உட்பிரிவையும் ஒருங்கே குறிக்கும். குதிரை அரங்கைப் புரிந்துகொள்ள இச்சொல்லே தக்க கருவியாக அமைகிறது. குதிரை மெல்ல நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றப்படுவதால் நான்கு அடிகள் கேட்கின்றன. துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து விழுவதால் இரண்டு அடிகள் கேட்கின்றன. சிறுபாய்ச்சலில் மூன்று அடிகளும், அவற்றை அடுத்து நான்கு கால்களும் நிலத்தினின்று நீங்கும் ஒரு நொடி அமைதியும் உண்டு. ஆகவே நாலும் இரண்டும் மூன்றும் இசைக்கலைஞர் கற்பிப்பதற்கு முன்பே குதிரையின் உடலில் உள்ளன.

குதிரையேறுபவர் இந்நடையைச் சுருக்கலாம், நீட்டலாம், பியாஃப் என்னும் பயிற்சியில் துள்ளோட்டத்தை ஏறத்தாழ இடம்பெயராமலே நிகழ்த்தச் செய்யலாம். ஆனால் நடையின் அடியெண்ணிக்கையை மாற்ற இயலாது. அதன் வேகமும் காலின் நீளம், உடலின் எடை, மூச்சு ஆகியவற்றால் வரையறுக்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இசையுடன் கூடிய குதிரையேற்றப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அவ்வகைப் போட்டிகளில் குதிரையின் நடைக்கு ஏற்ற இசையே தேர்ந்து, தொகுத்து அமைக்கப்படுகிறது. காண்போர் குதிரை தாளத்தைப் பின்பற்றுவதாகக் கருதுவர். பெரும்பாலும் தாளமே குதிரையைப் பின்பற்றுகிறது.

2. அரசவை மரபு

இக்கலையின் வேர்கள் அரசவையில் உள்ளன. 1667ஆம் ஆண்டு வியன்னாவில், பேரரசர் முதலாம் லியோபோல்டின் திருமணத்தையொட்டிக் காற்றுக்கும் நீருக்கும் இடையிலான போட்டி என்னும் பொருளில் குதிரை ஆடல் ஒன்று நிகழ்த்தப்பட்டது. முத்து எப்பூதத்திற்கு உரியது என்பதே அப்போட்டியின் கரு. மணமகளின் பெயராகிய மார்கரீத்தா முத்து எனப் பொருள்படுவது நோக்கத்தக்கது. பெர்த்தாலியும் ஷ்மெல்ட்சரும் இதற்கு இசையமைத்தனர்; பேரரசரே குதிரையேறித் தோன்றினார். இங்குக் குதிரையின் ஒழுங்கு ஆட்சியின் ஒழுங்கிற்கு உவமையாக நின்றது. தன்னினும் வலிய விலங்கைச் சிறு அசைவால் இயக்குபவர் நாட்டையும் அவ்வாறே இயக்குவார் என்பதே அதன் உட்பொருள் எனலாம்.

1735இல் கட்டி முடிக்கப்பட்ட வியன்னா ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் மண்டபம் அம்மரபை இன்றும் பேணுகிறது. ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் நகரில் 1973இல் தொடங்கிய நிகழ்ச்சி, அண்டலூசியக் குதிரைகள் எவ்வாறு ஆடுகின்றன என்னும் பொருளுடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. இவ்விரண்டிலும் திறன் உயர்ந்தது. எனினும் இசை துணைக்கருவியாகவே நிற்கிறது. குதிரையின் ஆற்றல் காட்சிக்கு வைக்கப்படுகிறதேயன்றி, நாடகப் பொருளொன்று உருவாவதில்லை.

3. ஜிங்காரோவின் மாற்றம்

1984இல் தோன்றிய ஜிங்காரோ, 1989 முதல் பாரிசை அடுத்த ஓபெர்விலியேயில் பத்ரிக் புஷேன் வடிவமைத்த மர அரங்கில் நிலைகொண்டது. ஒவ்வொரு படைப்பும் ஓர் இசை மரபைச் சார்ந்து எழுந்தது: 1994இல் இராசத்தானிய இசை, 1997இல் கொரிய இசை, 2003இல் திபெத்தியத் துறவியரின் ஓதல், 2006இல் உருமேனிய ஊதுகுழல், நரம்பிசைக் குழுக்கள்.

இவற்றுள் 2006ஆம் ஆண்டின் 'பத்தூத்தா' தனித்துக் குறிப்பிடத்தக்கது. இப்பெயர் தாள அடி எனப் பொருள்படும். குதிரைகள் வட்டக்களத்தில் இடைவிடாது பாய்ந்தோட, ஊதுகுழல்களின் விரைவு அப்பாய்ச்சலோடு போட்டியிடுகிறது. குதிரை தன் இயல்பான ஓட்டத்தையே ஓடுகிறது. அதை ஆடல் என்று அழைக்கவேண்டிய தேவை எழவில்லை. இசையும் விலங்கும் ஒரே விசையால் இயங்குவதாகக் காண்போர் உணர்வது இதனாலேயே.

4. திரிப்திக்: வலிமையும் குறையும்

2000ஆம் ஆண்டின் 'திரிப்திக்' இதற்கு நேர்மாறான சோதனை. ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்னும் இசைப்படைப்பில் தாள அளவு பல இடங்களில் அடிக்கடி மாறுகிறது. மனிதர் அதனை எண்ணிக் கற்கலாம். குதிரைக்கு எண்ணிக்கை இல்லை. எனவே மாறாத குதிரை நடையும் மாறிக்கொண்டேயிருக்கும் இசையும் இரண்டு தனித்தனிக் காலங்களாக ஒலிக்கின்றன. இம்முரணே அப்படைப்பின் வலிமை. குதிரை இசைக்கு ஆடுவது போன்ற பொய்த்தோற்றத்தை இவ்விசை அனுமதிப்பதில்லை.

ஆனால் இப்படைப்பில் குதிரைகளோடு கேரளத்தின் களரிப்பயிற்று வீரர்களும் இடம்பெற்றனர். களரியில் யானை, சிங்கம், குதிரை முதலிய விலங்குகளின் பெயரால் அமைந்த வடிவுகள் உண்டு. அசுவ வடிவு அவற்றுள் ஒன்று. குதிரையின் ஆற்றலைத் தன் உடலில் கற்றுணர்ந்த மனிதன், உண்மைக் குதிரையின் எதிரில் நிற்பது ஆழ்ந்த நாடகப் பொருளுக்கு இடந்தரும் சூழல். இந்திய நாடக மரபும் இதனோடு உறவுடையது. நாட்டிய சாத்திரம் குதிரையேற்றத்தை வைசாக நிலை என்னும் உடல் நிலையாலேயே காட்டச் சொல்கிறது. குதிரை மேடைக்கு வரவேண்டுவதில்லை. ஆயினும் ஸ்திராவின்ஸ்கியின் இசை சித்திரிப்பது பழைய உருசியாவின் வேள்விச் சடங்கு. அதற்குக் களரி உடல்களைப் பொருத்தும்போது, இலக்கணமும் மருத்துவமும் பயிற்சிமுறையும் கொண்ட ஒரு கலை 'தொன்மை' என்னும் பொதுமைக்குள் கரைந்துவிடும் இடர் உள்ளது. குதிரைக்கு அதன் நடையை விட்டுவைத்த படைப்பு, களரிக்கு அதன் பொருளை விட்டுவைக்கவில்லை எனலாம்.

5. சால்ஸ்பர்க்கில் மோட்சார்ட்

2003இல் பார்த்தபாஸ் வெர்சாய் அரண்மனைக் குதிரை இலாயத்தில் ஒரு பயிற்சிக் கழகத்தை நிறுவினார். அங்குக் குதிரையேற்றத்தோடு ஆடல், பாடல், வாட்போர், சப்பானிய வில்வித்தை ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. அக்கழகம் 2015 சனவரியில், மார்க் மின்கோவ்ஸ்கியின் இசை நடத்துகையில், மோட்சார்ட்டின் 'தாவீதே பெனிதெந்தே' என்னும் படைப்பைச் சால்ஸ்பர்க்கின் பாறைக் குதிரையேற்றக் களத்தில் நிகழ்த்தியது. பாறையைக் குடைந்து பதினேழாம் நூற்றாண்டில் குதிரைகளுக்காக அமைக்கப்பட்ட அவ்விடம் பின்னர் இசை நாடக அரங்காக மாறியிருந்தது. குதிரைகள் தம் பழைய களத்திற்கு மீண்டன என்பது வெறும் அலங்காரச் செய்தியன்று. 'தாவீதே' கழிவிரக்கத்தின் பாடல்; அங்கு மொழியறியா உயிரின் நிதானமான நடை, குரல்கள் வேண்டும் அமைதிக்கு உருவாகிறது. பாவனை அறியாத ஒன்றே வேண்டுதலுக்குச் சான்றாக நிற்கிறது.

முடிவுரை

குதிரை தான் நடிப்பதை அறியாது. ஆகவே அதனை நடிகர் என்பதும், வெறும் கருவி என்பதும் ஒருசேரப் பிழையாகும். குழுவுக்குத் தன் பெயரைத் தந்த ஜிங்காரோ என்னும் கரிய குதிரை 1998இல் நியூயார்க்கில் இறந்தது. அதன் பெயரைக் குழு இன்றும் தாங்குகிறது. ஒரு வேடத்தை மற்றொரு நடிகர் ஏற்கலாம். ஒரு குதிரையின் நடையை மற்றொரு குதிரை ஏற்க இயலாது. குதிரையை ஆடச் செய்வதாகக் காட்டும் நிகழ்ச்சி பயிற்சியின் வெற்றியாகும். அதன் நடைக்கு இசையும் ஆடலும் இடம்விட்டு நிற்கும் நிகழ்ச்சியே அரங்கக்கலையின் வெற்றியாகும். இவ்விடம்விடுதல் விலங்குக்கு மட்டுமன்றி, உடன் அழைக்கப்பெறும் பிறநாட்டுக் கலைகளுக்கும் உரியது என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிபாகும்.