வீட்டுப் பொருளும் வியாபாரச் சரக்கும்

பதுளையிலும், அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலிஎல, தெமோதரை முதலிய தோட்டப் பகுதிகளிலும், வீட்டில் உபயோகித்த பொருளை விற்பதென்பது முன்னெல்லாம் அடுத்த லயத்துக்காரரிடமோ பட்டணத்து நகைக்கடைக்காரரிடமோ வாய்ப்பேச்சில் முடிந்துவிடும் காரியமாக இருந்தது. இன்றோ அதே பொருள் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கப்பட்டு, முகநூற் சந்தையிலும் இக்மன் தளத்திலும் விலையோடு ஏறி, கண்டியிலோ மொனராகலையிலோ உள்ள முன்பின் அறியாத ஒருவரைத் தேடிச் செல்கிறது. ‘சிங்கர் தையல் மெஷின், நல்ல நிலை, விலை பேசலாம்’ என்று விளம்பரம் செய்யும் ஒருவர் அந்தப் பணத்திற்கு அரசாங்கத்திடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரா என்னும் வினா, 18 வயது நிரம்பியோர் வரி அடையாள இலக்கம் பெறவேண்டுமென்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்த பின்னர், லயத்து வாசலிலும் எழுவது இயல்பேயாகும். இதே வினாவுக்கு இலங்கையும் இந்தியாவும் அளிக்கும் விடைகளை ஒப்பிட்டு நோக்கினால், இரண்டும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வெவ்வேறு மார்க்கங்களில் வந்து சேர்வதைக் காணலாம்.

இரு தேசங்களின் வரிச் சிந்தனைக்கும் உறவு பழையது. 1950களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் இரு அரசாங்கங்களுக்கும் ஆலோசனை கூறினார். வியாபாரத்தில் ஈட்டும் லாபம் வேறு, சொத்தை விற்று அடையும் ஆதாயம் வேறு என்ற பாகுபாட்டை இரு நாட்டுச் சட்டங்களும் இன்றும் பின்பற்றுகின்றன. ஆகவே பழைய கைத்தொலைபேசிகளை வாங்கி வாங்கி விற்பவர் எந்தக் கரையில் இருந்தாலும் வியாபாரியே. தமது சொந்தக் கைத்தொலைபேசியை ஒருமுறை விற்பவர் எந்தக் கரையிலும் வியாபாரி அல்லர்.

இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், மூலதனச் சொத்து இன்னதென ஒரு சிறு பட்டியலால் வரையறுக்கிறது: காணி, கட்டடம், கம்பனிகளிலும் பங்குடைமைகளிலும் உள்ள உரிமை, பிணையங்கள் முதலிய நிதிச் சொத்துகள், இவற்றின் மீதான உரித்துகள். தையல் மெஷினும் அலுமாரியும் தொலைக்காட்சிப் பெட்டியும் மட்டுமல்ல, கழுத்திலுள்ள பொன் சங்கிலியும் அப்பட்டியலுக்குப் புறம்பானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்தபோது, பல ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைபோன விசித்திரம் நிகழ்ந்தது. அந்த மிகுதியும், சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தவரைப் பொறுத்தவரை, மூலதன ஆதாய வரிக்கு உட்படவில்லை. ஆனால் பதுளை பஸ் நிலையத்தருகே வாடகைக்கு ஓடிய முச்சக்கர வண்டியின் கதை வேறு: அது தேய்மானம் கழிக்கப்படும் தொழிற் சொத்தாதலால், கழிவு போக எஞ்சிய பெறுமதிக்கு மேற்பட்டுக் கிடைக்கும் தொகை தொழில் வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

இந்தியச் சட்டம் நேர்மாறான வழியில் செல்கிறது. அது மூலதனச் சொத்து என்னும் வலையை அகல வீசிவிட்டு, ஆடை, தட்டுமுட்டு முதலான சொந்த உபயோக அசையும் பொருள்களை மட்டும் வெளியே விடுகிறது. விட்டபின், 1973 முதல் ஆபரணத்தையும், 2008 முதல் ஓவியம், சிற்பம், தொல்பொருட் சேகரங்கள் ஆகியவற்றையும் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மகாராஜ ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில், மகாலட்சுமி பூஜைக்கு வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பவுன்களையும் வெள்ளிக் கட்டிகளையும் சொந்த உபயோகப் பொருள் என ஏற்க 1976இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

இந்த வேற்றுமை பதுளை அடங்கிய ஊவா மாகாண மக்களுக்கு வெறும் ஏட்டு விஷயமன்று. தோட்ட மக்களை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஒரு சகோதரி இந்தியாவின் கூடலூருக்குக் கப்பலேற, மற்றவள் பசறையில் தங்கிவிட்ட குடும்பமொன்றில், தாயின் நகை இருவருக்கும் பங்கிடப்பட்டதென்று கொள்வோம். பசறைக்காரி தன் பங்கை விற்றால் ஆதாயக் கணக்கே எழாது. கூடலூர்க்காரியோ, நகை 2001க்கு முற்பட்டதாயின், அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதிய சந்தை மதிப்பைக் கழித்து, எஞ்சியதற்கு 12.5 சதவீத வரியைக் கணக்கிட வேண்டியவள். வேறு வருமானமின்றி ஆதாயமும் புதிய வரிமுறையின் அடிப்படை விலக்கான 4 இலட்சம் ரூபாய்க்குள் அடங்கினால் மட்டுமே அவள் செலுத்த ஒன்றுமிராது. சரக்கு சேவை வரியைப் பொறுத்தமட்டில் அவளுக்கும் அச்சமில்லை: தனியொருவர் பழைய நகையை நகைக்கடைக்கு விற்பது வியாபாரமாகாது என்று 2017 ஜூலையில் இந்திய அரசு விளக்கமளித்தது.

தகவல் தெரிவிக்கும் கடமையிலோ இடைவெளி இன்னும் பெரிது. இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், இணையவழி விற்பனைத் தளமே விற்பவருக்குச் சேரும் தொகையில் ஒரு பகுதியை மூலத்திலேயே பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். சட்டப்படி 1 சதவீதமாக இருந்த அவ்விகிதம் 2024 அக்டோபரில் 0.1 ஆயிற்று. ஆண்டு விற்பனை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத தனிநபர், தமது பான் எண்ணையோ ஆதாரையோ கொடுத்திருந்தால், பிடித்தத்திலிருந்து விடுபடுகிறார். ஐரோப்பிய ஒன்றியமும் 2023 முதல் தளங்களையே அறிக்கையிடச் செய்து, ஆண்டில் 30 விற்பனைக்குக் குறைவாகவும் 2,000 யூரோவுக்கு மேற்படாமலும் பொருள் விற்போரை விலக்கியுள்ளது. இலங்கையில் இத்தகைய பிடித்தம் இல்லை. பணம் வாங்குபவர் கையிலிருந்து விற்பவர் கைக்கு நேரே போவதால், படிந்த விலை இன்னதென்று விளம்பரத் தளத்திற்கே தெரிவதில்லை.

நகை விற்பனையில் இலங்கை வழி, இந்திய வழி ஆகிய இரண்டில் எது நியாயம்? பொன் ஆபரணமாக மட்டுமன்றிச் சேமிப்பாகவும் இருக்கிறதென்ற இந்திய வாதத்தில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் இலங்கைச் சட்டம் வரிவிதிக்கும் காணியும் பங்குகளும், குடியிருக்கும் லயத்துக்குக்கூட உறுதிப்பத்திரம் இல்லாத தோட்டக் குடும்பங்களிடம் பெரும்பாலும் கிடையா; அவர்களிடம் இருப்பது பொன். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் ஆண்டுக்கு 300 நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்டிருந்தாலும் 4 இலட்சத்து 5 ஆயிரம் ரூபாவே சேர்ந்திருக்கும். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அத்தகையவரின் நகைமீது வரி விதித்தாலும் அரசுக்கு வருவது அற்பம். அதற்காக அவர் தேடித்தர வேண்டிய பற்றுச்சீட்டோ, தாய் காலத்து நகைக்கு எங்கேயும் இராது.

எனவே இலங்கை இந்தியாவிடம் கற்கவேண்டியது வரியையன்று, தெளிவையே. பட்டியலில் இல்லாமையால் மௌனமாகக் கிடைக்கும் விலக்கு, அதிகாரிக்கும் வழக்கறிஞருக்கும் போதும். பதுளையில் வரிப் படிவத்தில் கையெழுத்திடத் தயங்கும் தொழிலாளிக்குப் போதாது. சொந்தப் பாவனைப் பொருளை விற்பது வருமானமன்று, மீள விற்பதற்கென்றே வாங்கி விற்பது வருமானம் என்ற இரண்டு வாக்கியங்களையும், தனியாரைத் தொந்தரவு செய்யாத ஒரு விற்பனை எல்லையையும், வரி அடையாள இலக்கத்துக்கான தமிழ்ப் படிவத்தோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வெளியிடுமாயின், நாளை இணையத் தளங்களை அறிக்கையிடச் சொல்லும் சட்டம் இங்கும் வந்தாலும், அந்தப் புள்ளிவிவரத்தில் தையல் மெஷின் விற்றவரும் வியாபாரியும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட மாட்டார்கள்.