அந்தரங்க ஆய்வும் தரவின் உடைமையும்

மின்னணு வாழ்வில் தனிமனித அந்தரங்கம் குலையுமாற்றை ஆராய நிதி வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. அந்நிதியை வழங்குவோர் யாவர் என்ற வினாவும் அவ்வப்போது எழுப்பப்படுகின்றது. ஆயின், ஆய்வுக்குரிய மூலப்பொருள் யாருடைய உடைமை என்ற வினா அதனினும் அடிப்படையானது என்பதே எமது கருத்தாகும்.

நிதி பற்றிய வினா அற்பமானதன்று. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவின் அறவியலை ஆராயும் நிறுவனமொன்றுக்கு 75 இலட்சம் டொலர் வழங்குவதாக 2019 ஜனவரியில் பேஸ்புக் அறிவித்தது. ஆராயப்பட வேண்டியோரே ஆராய்வோரைப் போஷிக்கும் நிலை இது. இதற்கு மாறாக, கனடாவின் அந்தரங்க ஆணையாளர் அலுவலகம் 2004 முதல் சுயாதீன ஆய்வுகளுக்குப் பொதுநிதி வழங்கி வருகின்றது. அதன் அளவோ ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் கனேடிய டொலர் மட்டுமே.

எனினும், நிதி சுயாதீனமானால் ஆய்வும் சுயாதீனமாகிவிடும் எனக் கொள்ளல் தவறு. 2018இல் தொடங்கப்பெற்ற 'சோஷல் சயன்ஸ் வன்' என்னும் திட்டத்திற்கு அறக்கட்டளைகளே நிதியளித்தன. பேஸ்புக் தரவை மட்டும் வழங்குவதென ஏற்பாடு. தரவு தாமதித்தே வந்தது. வந்த தரவிலும் அமெரிக்கப் பாவனையாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் விடுபட்டிருந்தமை 2021 செப்டெம்பரில் வெளியாயிற்று. அதற்கு முந்திய மாதத்தில், அரசியல் விளம்பரங்களை ஆராய்ந்த நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளரின் கணக்குகளைப் பேஸ்புக் முடக்கியது. பாவனையாளரின் அந்தரங்கத்தைக் காத்தலே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயத்தை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவே ஏற்கவில்லை. அந்தரங்கம் என்ற கோட்பாடு, அதனை மீறுவோரின் மதிலாகவும் மாறக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அவ்வாறாயின் தரவை ஆய்வாளர் எல்லோருக்கும் திறந்துவிடலாமா? 2018 மார்ச்சில் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில், 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் தரவு வெளியேற வழிவகுத்தது பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரின் செயலியே. எனவே புலமை என்ற போர்வை மாத்திரம் காப்பாகாது. நிறுவனத்தின் தயவுக்கும் ஆய்வாளரின் நல்லெண்ணத்திற்கும் அப்பாற்பட்ட பொதுக் கட்டுப்பாடு அவசியமாகின்றது.

இத்திசையில் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் உறுப்புரை குறிப்பிடத்தக்கது. தகுதி உறுதிசெய்யப்பெற்ற ஆய்வாளருக்குப் பெருந்தளங்கள் தரவு வழங்க வேண்டுமென அது கட்டாயப்படுத்துகின்றது. ஆய்வாளரும் வணிக நலன்களினின்று விலகியிருத்தல், நிதிமூலத்தை வெளிப்படுத்தல், தரவின் பாதுகாப்பை உறுதிசெய்தல் ஆகிய நிபந்தனைகளுக்கு உட்படுகின்றார். தயவாக இருந்தது உரிமையாக மாறியமை வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்வுரிமை ஐரோப்பிய ஒன்றியத்தினுள் எழும் இடர்கள் பற்றிய ஆய்வுக்கே உரியது. அதற்கு வெளியே வாழும் எம்போன்றோரின் வாழ்வும் அதே களஞ்சியங்களிலேயே குவிந்து கிடக்கின்றது. அதனை ஆராயும் உரிமை மட்டும் எம்மிடம் இல்லை. நிதிக்கான கோரிக்கையோடு இவ்வுரிமைக்கான கோரிக்கையும் இணைந்தாலன்றி, அந்தரங்க ஆய்வு உடைமையாளர் அனுமதித்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.